பிரம்பா, பொறையா? நாய் பழக்கலின் ஒரு சிறு வரலாறு



சென்ற காலாண்டுக் கூட்டத்தில் அதிக நேரம் எடுத்துக்கொண்ட விஷயம் தண்ணீரோ பராமரிப்புக் கட்டணமோ இல்லை என்பது உங்களுக்கு நினைவிருக்கும். கேட் அருகே படுத்திருக்கும் நாய்களைப் பற்றித்தான் பேசினோம். ஒரு தரப்பு விரட்டச் சொன்னது, மறு தரப்பு சோறு வைக்கச் சொன்னது. செக்யூரிட்டி அண்ணனுக்குப் புதுப் பிரம்பு வாங்கித் தரலாம் என்று ஒரு யோசனை வந்தது. முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது. அதற்கு முன் நீங்கள் இதைப் படித்துவிட்டு வர வேண்டும் என்பது என் விருப்பம்.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் குடியிருப்புக்கு வருவதற்கு முன், தனி வீட்டில் மணி என்று ஒரு நாட்டு நாய் வளர்த்தேன். நாய் பழக்குபவர் ஒருவரை வரவழைத்தேன். "நீங்கதான் தலைவன்னு அதுக்குக் காட்டணும் சார்" என்றார். முள் பட்டை வாங்கச் சொன்னார். உறுமினால் சுருட்டிய செய்தித்தாளால் மூக்கில் ஒன்று வைக்கச் சொன்னார். சாப்பிடும்போது யாராவது அருகில் போனால் மணி உறுமும். அடித்தேன். இரண்டு வாரத்தில் உறுமுவதை நிறுத்திவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, பக்கத்து வீட்டு ஐந்து வயதுப் பாப்பா தட்டின் அருகே குனிந்தபோது, ஒரு சத்தமும் இல்லாமல் கையைக் கடித்துவிட்டது. பாப்பா ஊசி போட்டுக்கொண்டு குணமாகிவிட்டாள். அவள் அம்மா இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை.

உறுமல் என்பது நாய் கொடுக்கும் எச்சரிக்கை. நான் அடித்து நிறுத்தியது அந்த எச்சரிக்கையை மட்டும்தான். அதன் பயம் உள்ளேயே இருந்தது. இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. பிரம்பு எங்கிருந்து வந்தது, அதற்கு மாற்று எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன்.

நம் பக்கத்துக் கல்வெட்டு ஒன்று

நம் வில்லியனூர் வழியாக விழுப்புரம் போய், அங்கிருந்து திருவண்ணாமலைக்குப் பஸ் ஏறுவோம் அல்லவா, அந்த மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே கிடைத்த நடுகல் ஒன்று பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆவது ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது 7ஆம் நூற்றாண்டு. எருமை மந்தையைக் காக்கப் போரிட்டு இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக எடுத்த கல் அது. அவனோடு ஒரு நாயின் உருவமும் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்வெட்டே பெயர் சொல்லிப் பதிவு செய்திருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் ஊரார் ஒரு நாய்க்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், அந்தப் பெயரைக் கல்லிலும் வெட்டியிருக்கிறார்கள். நம் பாகூரில் கிடைத்த செப்பேடுகளும் பல்லவர் காலத்தவைதான். 9ஆம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் ஆட்சியில் பாகூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்த செய்தி அவற்றில் இருக்கிறது. நடுகல்லும் செப்பேடும் நம் வட்டாரத்தின் பழைய ஆவணங்கள். ஒன்று நாயின் உழைப்பை மதித்தது, மற்றொன்று கற்பிப்பதை மதித்தது. "நாயே" என்பதை வசவாக்கிய அதே மொழியில்தான் கோவிவனின் கல்வெட்டும் இருக்கிறது.

"நாய் வாலை நிமிர்த்த முடியாது" என்பது நம் பழமொழி. நாய்க்கு எதையும் கற்றுத்தர முடியாது என்று நாம் அதற்குப் பொருள் கொள்கிறோம். மந்தையைக் காத்த கோவிவன் அப்படி இல்லை.

பிரம்பு எங்கிருந்து வந்தது?

நாய் பழக்குவதைப் புத்தகமாக எழுதிப் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியின் கொன்ராட் மோஸ்ட். போலீஸ் நாய்களைப் பழக்கியவர். அவருடைய கையேடு 1910இல் வெளிவந்தது. சரியான நொடியில் பாராட்ட வேண்டும் என்பது அவருக்கும் தெரிந்தே இருந்தது. ஆனால் அவர் முறையின் அடித்தளம் கட்டாயப்படுத்தல்: கழுத்துப்பட்டையைச் சுண்டி இழுப்பது, வலி தருவது. அடுத்து உலகப் போர்கள் வந்தன. ஆயிரக்கணக்கான நாய்களைச் சீக்கிரம் தயார்செய்ய வேண்டியிருந்தது. போர் முடிந்து வீடு திரும்பிய பழக்குநர்கள் அதே முறையை வீட்டு நாய்களுக்கும் கொண்டுவந்தார்கள். 1962இல் அமெரிக்காவில் வில்லியம் கோலர் எழுதிய புத்தகம் பெரிய அளவில் விற்றது. தோட்டத்தில் குழி தோண்டும் நாய்க்கு அவர் சொன்ன மருந்து, அந்தக் குழியில் தண்ணீர் நிரப்பி அதில் அதன் தலையை அமுக்குவது.

"நீங்கதான் தலைவன்" என்ற பேச்சு வேறு இடத்திலிருந்து வந்தது. 1947இல் ருடால்ஃப் ஷென்கல் என்ற ஆய்வாளர் சுவிட்சர்லாந்தின் பாசெல் விலங்குக்காட்சி சாலையில் அடைத்து வைத்த ஓநாய்களைக் கவனித்து எழுதினார். ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் போட்டால் சண்டை வரத்தானே செய்யும்? அதைப் பார்த்து, ஓநாய்க் கூட்டத்தில் சண்டையில் ஜெயித்ததே தலைவன் என்ற கருத்து பரவியது. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் வெளியிட்ட ஓநாய்ப் புத்தகம் அதை உலகம் முழுவதும் கொண்டு சேர்த்தது.

அதே மெக் 1986 முதல் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகாலங்கள் அருகிலிருந்து கவனித்தார். அங்கே அவர் கண்டது ஒரு குடும்பத்தை. அப்பா, அம்மா, பிள்ளைகள், அவ்வளவுதான். 'தலைமை ஓநாய்' என்ற சொல் பொருத்தமற்றது என்று 1999இல் அவரே ஆய்வுக் கட்டுரை எழுதினார். தன் பழைய புத்தகத்தை அச்சிடுவதை நிறுத்துமாறு பதிப்பகத்தைப் பலமுறை கேட்டுக்கொண்டார். எழுதியவரே கைவிட்ட கருத்து அது. என் வீட்டுக்கு வந்த பழக்குநர் அதை நம்பித்தான் என்னிடம் முள் பட்டை வாங்கச் சொன்னார். நானும் நம்பித்தான் அடித்தேன்.

டால்பினை எப்படி அடிப்பது?

இன்னொரு பாதையும் அதே காலத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. 1898இல் எட்வர்ட் தார்ன்டைக் பூனைகளைக் கூண்டுப் பெட்டிகளில் வைத்துச் சோதித்தார். நல்ல பலன் தந்த செயலை விலங்கு திரும்பச் செய்யும் என்பது அவர் கண்டது. பி.எஃப். ஸ்கின்னர் அதை மேலும் நுணுக்கமாக ஆராய்ந்தார். 1951இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று சாதாரண மக்களுக்கானது. நாய் சரியாகச் செய்த நொடியில் ஒரு பொம்மையால் 'டக்' என்று சத்தம் எழுப்பி, உடனே தின்பண்டம் கொடுத்தால் சில நிமிடங்களில் புதிய செயலைக் கற்றுத்தரலாம் என்றார். அவருடைய மாணவர்கள் மரியன், கெல்லர் பிரிலேண்ட் தம்பதி இதையே தொழிலாக்கி, கோழி முதல் பன்றி வரை பல விலங்குகளைப் பழக்கினார்கள்.

1963இல் ஹவாய் தீவில் கேரன் பிரையர் டால்பின்களைப் பழக்கத் தொடங்கினார். டால்பினுக்குக் கழுத்துப்பட்டை போட முடியாது, அடிக்கவும் முடியாது. அடித்தால் நீந்திப் போய்விடும். கையில் இருந்தவை ஒரு விசிலும் ஒரு வாளி மீனும்தான். அவற்றை வைத்தே சிக்கலான செயல்களைக் கற்றுத்தந்தார். இதைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1984இல் வந்தது. அடுத்த பத்தாண்டில் நாய் வளர்ப்போர் அதை எடுத்துக்கொண்டார்கள்.

இது மென்மையான மனசுக்காரர்களின் ஆசை மட்டும்தானா என்று நீங்கள் கேட்கலாம். 2020இல் போர்ச்சுகல் ஆய்வாளர்கள் 92 வீட்டு நாய்களை ஒப்பிட்டார்கள். தண்டனை முறையில் பழகிய நாய்களிடம் மன அழுத்தத்தின் அறிகுறிகள் அதிகம் இருந்தன. அதைக் காட்டும் கார்டிசால் அளவும் பயிற்சிக்குப் பின் எச்சிலில் கூடியிருந்தது. 2021இல் அமெரிக்காவின் விலங்கு நடத்தை சார்ந்த கால்நடை மருத்துவர் சங்கம், எல்லா நாய்களுக்கும் வெகுமதி முறையை மட்டுமே பரிந்துரைப்பதாக அறிவித்தது. முரட்டு நாய்களுக்கும் இது பொருந்தும்.

நம் தெரு நாய்கள் பற்றிய ஆய்வும் இருக்கிறது. கொல்கத்தாவின் ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு, தெருவில் சுதந்திரமாகத் திரியும் நாய்களையே ஆராய்கிறது. 2017இல் அவர்கள் வெளியிட்ட முடிவு எனக்கு வியப்பாக இருந்தது. பழக்கமில்லாத ஒருவர் திரும்பத் திரும்ப வந்து உணவு கொடுத்ததைவிட, தலையைத் தடவிக் கொடுத்ததே தெரு நாய்களின் நம்பிக்கையை அதிகம் வளர்த்தது.

விரட்டிப் பார்த்த நகரம்

"பழக்குவதெல்லாம் வீட்டு நாய்க்கு, தெரு நாயை அகற்றினால் போதும்" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அவர் கவலை நியாயமானது, வீட்டில் பேரக்குழந்தை இருக்கிறது. ஆனால் பக்கத்துச் சென்னை அதைத் தலைமுறைகளாகச் செய்து பார்த்தது. மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டே இருந்தது. கொன்ற இடத்துக்கு வேறு நாய்கள் வந்துகொண்டே இருந்தன. கேப்டன் வி. சுந்தரம் 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, 1960களிலேயே கருத்தடை செய்து அதே இடத்தில் விடும் வழியை முன்வைத்தது. மாநகராட்சி அதை ஏற்றது 1996இல்தான். 2001இல் மத்திய அரசு அதை நாடு முழுவதற்குமான விதியாக்கியது.

2023இல் வந்த புதிய விதிகள் நம்மைப் போன்ற சங்கங்களை நேரடியாகக் குறிப்பிடுகின்றன. வளாகத்து நாய்களுக்கு உணவிட இடமும் நேரமும் ஒதுக்கும் பொறுப்பு நலச் சங்கத்துக்கு உண்டு. அந்த இடம் குழந்தைகள் விளையாடும் இடம், வாசல், மாடிப்படி ஆகியவற்றிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். ஆக, கூட்டத்தில் மோதிக்கொண்ட இரண்டு தரப்பையும் விதி கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது.

செக்யூரிட்டி அண்ணனிடம் கேட்டேன். "கம்ப எடுத்தா ஓடுதுங்க சார். ஆனா கம்பு வச்சிருக்கற யாரப் பாத்தாலும் கொலைக்குதுங்க. மூணாவது பிளாக் தாத்தா கைத்தடியோட வந்தாக்கூட" என்றார். பிரம்பு கற்றுத்தந்த பாடம் அதுதான்.

நீங்கள் செய்யக்கூடியவை

வீட்டில் நாய் இருந்தால், அது உறுமும்போது அடிக்காதீர்கள். நின்று, விலகி, எதற்குப் பயப்படுகிறது என்று பாருங்கள். அமைதியாக உட்காரும்போதும், கூப்பிட்டு வரும்போதும் அந்த நொடியிலேயே ஒரு சிறு துண்டு தின்பண்டம் கொடுங்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கொடுத்தால் எதற்காகக் கொடுத்தீர்கள் என்று அதற்குத் தெரியாது. லிஃப்டில் மேலே பாய்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், நான்கு கால்களும் தரையில் இருக்கும்போது மட்டும் கொஞ்சுங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துங்கள். அப்பா "உட்கார்" என்றும் மகள் "சிட்" என்றும் சொன்னால் அது குழம்பிப்போகும்.

கேட் நாய்களுக்கு, குழந்தைகள் போகாத ஓர் இடத்தில் குறித்த நேரத்தில் உணவு, கருத்தடை, ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி. இந்த மூன்றையும் கொம்யூன் பஞ்சாயத்தோடு பேசி ஏற்பாடு செய்யலாம் என்று நான் கூட்டத்தில் முன்மொழியப் போகிறேன். உங்கள் பிள்ளைகளுக்கு மூன்று விஷயம் சொல்லிக்கொடுங்கள்: சாப்பிடும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய் அருகே போகக் கூடாது. கொல்கத்தா ஆய்வைப் படித்துவிட்டுத் தெரியாத நாயைத் தடவப் போகவும் வேண்டாம்.

யாரையாவது கடித்துவிட்டால் யார் மேல் தப்பு என்று பேசுவதற்கு முன், காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதுவும் தடவாதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பழைய பயம் இப்போது வேண்டாம், இன்றைய தடுப்பூசியைக் கையிலேயே போடுகிறார்கள். எண்ணிக்கையும் குறைவு. ஆனால் நோய் வந்த பிறகு மருந்தில்லை என்பதை மறக்காதீர்கள்.

டீக்கடையில் நாய்க்கு வாங்கிப் போடும் ரொட்டியைப் பொறை என்கிறோம். பொறுமைக்கும் தமிழில் பொறை என்று பெயர் உண்டு. நாய் பழக்க இரண்டும் வேண்டும். எனக்கு மணி இருந்தபோது இரண்டாவது இல்லை. அதற்கான விலையைக் கொடுத்தது நான் அல்ல, அந்தப் பாப்பா. நம் வளாகத்தில் இன்னொரு பாப்பாவுக்கு அது நேரக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

கூட்டத்துக்கு வாருங்கள். என் கருத்துக்கு எதிராக ஓட்டுப் போட்டாலும் பரவாயில்லை, பேசி முடிவெடுப்போம்.