அரளி விஷமும் ஆட்டு ரத்தமும்

பொள்ளாச்சி, தாராபுரம் பக்கம் வேலியோரம் அரளி நிக்கறதைப் பாத்திருப்பீங்க. ஆடு மாடு வாய் வைக்காதுங்க, அதான். செவ்வரளி, மஞ்சள் அரளி ரெண்டுமே இதயத் தாளத்தைக் குலைக்கும். இதுக்கான முறிமருந்து வந்த கதைதான் இந்த இழை.

இதயத் தசை செல்லுல சோடியத்தை வெளியே தள்ளற ஒரு பம்ப் இருக்கு. அரளி விஷம் அதை அடைச்சிடும். உள்ளே கால்சியம் ஏறி, நேரங்கெட்ட நேரத்துல துடிப்பு கிளம்பும். இன்னொரு பக்கம் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சாரம் போகாம நாடி படுத்துடும். டிஜாக்சின் மாத்திரையும் இதே பம்பைத்தான் பிடிக்குது. இந்த ஒற்றுமைதான் வழி காட்டுச்சு.

1971, நியூயார்க். ஷ்மிட், பட்லர்னு ரெண்டு பேர் நாய்களுக்கு உயிர் போகிற அளவு டிஜாக்சின் கொடுத்து, அதுக்கு எதிரான ஆன்டிபாடியை ஏத்தினாங்க. தாளம் திரும்பிச்சு. கேக்கவே கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா தட்டுல வளர்த்த செல்லுக்கு இதய அடைப்பு வராது. முழு இதயம் வேணும்.

1976ல பாஸ்டன்ல அளவு மீறி டிஜாக்சின் சாப்பிட்ட ஒருத்தர் இதே வழியில பிழைச்சார். செம்மறி ஆட்டு ரத்தத்துல எடுத்த ஆன்டிபாடி. முழுசா இல்லை, விஷத்தைப் பிடிக்கிற நுனி மட்டும்; பேரு ஃபேப்.

அரளிக்கும் கேக்குமா? 1991ல அமெரிக்காவுல நாய்களுக்கு அரளிச் சாறு கொடுத்துப் பாத்தாங்க. கேட்டுது, ஆனா டோஸ் நிறைய வேணும்.

மஞ்சள் அரளி விஷம் பெரும் பிரச்சினையா இருந்த இலங்கையில 66 நோயாளிகளிடம் ஃபேப்பை சோதிச்சாங்க. 2000ல லான்செட் இதழ்ல வந்துச்சு: 2 மணி நேரத்துல தாளம் சீரானவங்க, மருந்து போட்ட குழுவில 15 பேர், போடாத குழுவில 2 பேர்.

அப்புறம் கட்டுபடியாகற விலைக்கு மருந்து கிடைக்கலை. சாவு மறுபடி கூடுனதை 2003ல அதே லான்செட் பதிவு செஞ்சுது.

இன்னிக்கும் நம்ம ஊர்ல பெரும்பாலும் அட்ரோபின், தற்காலிக பேஸ்மேக்கர்னுதான் சமாளிக்கறோம். குதிரையை வச்சு பாம்புக்கடி மருந்து செய்யற நாடு இது. அரசு ஆஸ்பத்திரி வரைக்கும் வர்ற விலைக்கு ஃபேப் செய்யறது முடியாத வேலை இல்லைங்க.

அதுவரைக்கும் ஒண்ணு: யாராவது அரளி சாப்பிட்டுட்டா, "நல்லாத்தான இருக்காங்க"ன்னு வீட்டுல வச்சுக்காதீங்க. தாளம் மறுநாள்கூட குலையலாம். மனசு பாரமா இருந்தா 14416க்கு கூப்பிடுங்க, தமிழ்லயே பேசலாம்.