கைநாட்டு

எங்கம்மா கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை. 1986-ல் உசிலம்பட்டியிலிருந்து திருப்பூர் வந்த கையோடு காதர்பேட்டைப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் கைமடி வேலைக்குச் சேர்ந்தார். சனிக்கிழமை சம்பளம். ஊதா மையில் பெருவிரலை ஒற்றி நோட்டில் அழுத்திவிட்டு, முந்தானையில் துடைத்தபடியே வெளியே வருவார். ஞாயிற்றுக்கிழமை சோறு பிசையும்போதும் அந்த ஊதா போயிருக்காது.

1925-ல் குலாம் காதர் பின்னல் மெஷின் போட்டு ஆரம்பித்த தொழில் இது. உள்பனியன் ஓட்டிக்கொண்டிருந்த ஊருக்கு 1978-ல் வெரோனா என்ற இத்தாலிக்காரர் வெள்ளை டீ-ஷர்ட் கேட்டு வந்தார். ஏற்றுமதி சூடுபிடித்தது. மழை பொய்த்த சீமையிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து இறங்கினோம். இன்றைக்கு ஒடிசா, பீகார் பிள்ளைகள். இங்கே யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "எந்த ஊருங்க?" ஊர்ப் பேரைச் சொன்னால் போதும், அந்த ஊர்க்காரர் யாராவது லைன் வீட்டில் இடம் பிடித்துக் கொடுத்துவிடுவார். பெற்ற ஊரே துரத்திவிட்டவர்கள் என்ன பதில் சொல்வார்கள்?

2003-ல் நான் வேலை பார்த்த பிரிண்டிங் பட்டறைக்கு ஓர் அக்கா வந்தார். திருநங்கை என்ற சொல் அன்று புழக்கத்தில் இல்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மூன்றாவது கலரை இழுக்கும்போதுகூட முதல் கலரின் விளிம்பு ஒரு நூல் பிசகாது அவருக்கு. அப்படி ஒரு கை. எழுதப் படிக்கத் தெரிந்தவர்தான். ஆனால் நோட்டில் இருந்தது அப்பா அம்மா வைத்த ஆண் பெயர். முதல் சனிக்கிழமை பேனாவை வாங்கினார், பெயரைப் பார்த்தார், பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கைநாட்டு வைத்தார். கடைசி வரை அப்படித்தான். எந்தக் கக்கூஸுக்குப் போவது என்ற தகராறில் நாலாம் மாதம் நிறுத்திவிட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. அந்த உறுத்தல் இன்னும் இருக்கிறது.

2008-ல் தமிழக அரசு திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தது. தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2014 ஏப்ரல் 15-ல். அக்காவின் சம்பள நோட்டுக்கு அது பதினொரு வருசம் பிந்திப்போனது.

இங்கிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் பொள்ளாச்சி. அங்கே பிறந்தவர் ஓவியர் கல்கி சுப்ரமணியம். அவர் தொடங்கிய சகோதரி அமைப்பின் 'ரெட் வால்' படைப்பைப் போனில்தான் பார்த்தேன். திருநங்கைகளும் திருநம்பிகளும் தங்களுக்கு நேர்ந்த கொடுமைகளைத் தங்கள் கையாலேயே காகிதத்தில் எழுதி, சிவப்புச் சாயத்தில் உள்ளங்கையை முக்கி அதன்மேல் பதித்திருக்கிறார்கள். முப்பது வருசமாகச் சாயத்தில் கிடக்கிறவன் நான். எங்கே அழுத்தினார்கள், எங்கே கை நடுங்கியது என்று அந்த அச்சு எனக்குச் சொல்லிவிடும். முதலாளியின் நோட்டில் ஒரு விரல் வைத்த வரலாறுதான் எங்களுக்கெல்லாம். இவர்கள் சொந்தக் கதையின் மேல் முழுக் கையையும் வைத்துவிட்டார்கள்.

எங்கள் அக்காவின் வலது சுண்டுவிரல் ஸ்கிரீன் சட்டத்தில் நசுங்கி உள்பக்கமாக வளைந்திருக்கும். படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, ஒவ்வொரு கையிலும் அந்த விரலைத் தேடிக்கொண்டிருந்தேன்.