அச்சு ஊடகமும் கைபேசி ஊடகமும்: ஒரு வரலாற்றுப் பார்வை

ஒரு கையில் காபி, மறு கையில் செய்தித்தாள் என்றுதான் தமிழகத்தில் பல வீடுகளில் பொழுது விடிந்தது. இன்று செய்தித்தாள் இருந்த கையில் கைபேசி இருக்கிறது. பழையன கழிந்தது, புதியன புகுந்தது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்தான். ஆனால் உண்மையில் மாறியது என்ன?

ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் 'சுதேசமித்திரன்' இதழைத் தொடங்கினார். 1899இல் அது நாளிதழானது. அதுவரை ஆங்கிலம் படித்த சிலரிடம் மட்டும் இருந்த அரசியல் பேச்சு, தமிழ் மட்டுமே தெரிந்தவர்களையும் எட்டியது. 1942இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய 'தந்தி' அதை எளிய நடையில் டீக்கடை பெஞ்சு வரை கொண்டு போனது. ஒருவர் உரக்கப் படிக்க, சுற்றி இருந்தவர்கள் கேட்டார்கள்.

சென்னைக்கு அகில இந்திய வானொலி 1938இல் வந்தது. தொலைக்காட்சி நிலையம் 1975இல் வந்தது. 1993இல் தனியார் தமிழ்த் தொலைக்காட்சி வந்தது. இவை எதுவும் செய்தித்தாளை அழிக்கவில்லை. காரணம், எல்லாவற்றிலும் பேசுபவர் ஒருவர், கேட்பவர் பலர்.

1995இல் இந்தியப் பொதுமக்களுக்குக் கிடைத்த இணையம்தான் இந்த வரிசையைக் கலைத்தது. 1999இல் தமிழ்நெட்99 விசைப்பலகை, 2004இல் வலைப்பதிவுகளைத் திரட்டிய தமிழ்மணம் என்று வாசல்கள் திறந்தன. வாசகர் கடிதம் எழுதிப் போட்டு, அது அச்சில் வருமா என்று காத்திருந்தவர் இப்போது தானே ஆசிரியர், தானே பதிப்பாளர்!

வெள்ளம் சொன்ன பாடம்

2015 டிசம்பர் 2 அன்று 'தி இந்து' ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு அச்சாகவில்லை. மறைமலை நகரில் இருந்த அச்சகத்துக்கு ஊழியர்களால் போக முடியவில்லை. 1878இல் தொடங்கிய இதழுக்கு இப்படி நேர்ந்தது அதுவே முதல் முறை என்று அப்போது சொல்லப்பட்டது. அதே நாட்களில் எந்தத் தெருவுக்குப் படகு வேண்டும், எங்கே உணவு கிடைக்கும் என்ற விவரங்கள் ட்விட்டரிலும் வாட்ஸ்அப்பிலும் பறந்தன. அவற்றால் உயிர்கள் பிழைத்தன.

ஆனால் அதே வாட்ஸ்அப்பில்தான், முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற வதந்தியும் பரவியது. பண்ணையே மறுப்புச் சொல்ல வேண்டியதாயிற்று.

2018இல் குழந்தை கடத்தல் வதந்தி அதைவிடக் கொடிய முகத்தைக் காட்டியது. திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டியைக் கும்பல் அடித்தே கொன்றது. அந்தச் செய்தியை முதலில் எழுதியவர் யார்? அனுப்பியவர்கள் ஆயிரம் பேர், பொறுப்பாளி ஒருவரும் இல்லை.

பெயர் போடும் வழக்கம்

இங்கேதான் பழைய ஊடகத்தின் ஒரு சிறு வழக்கம் பெரிதாகத் தெரிகிறது. 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு இதழும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரைப் போட்டாக வேண்டியிருந்தது. 2023இல் இயற்றப்பட்ட புதுச் சட்டம் நடைமுறைக்கு வரும் வரை இந்தியாவில் அச்சு இதழ்கள் அந்தச் சட்டத்தின் கீழ்தான் நடந்தன. அந்நிய ஆட்சி கண்காணிப்புக்காகக் கொண்டு வந்த சட்டம் அது. 1908இல் 'இந்தியா' வார இதழின் மீது வழக்கு வந்தபோது, சட்டப்படி பெயர் கொடுத்திருந்த சீனிவாசன் சிறை சென்றார். பாரதியார் புதுச்சேரிக்குப் போனார். அடக்குமுறைக்குப் பிறந்த அந்த வரி, "இதற்கு நான் பொறுப்பு" என்ற உறுதிமொழியாகவும் வாசகனுக்குப் பயன்பட்டது.

வணிகக் கணக்கும் ஒன்று உண்டு. இந்திய நாளிதழ்கள் பல, அச்சடிக்கும் செலவைவிடக் குறைந்த விலைக்கே விற்கப்படுகின்றன. மீதியை ஈடு செய்வது விளம்பரம். அந்த விளம்பரப் பணம் கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் நகரும்போது குறைவது லாபம் மட்டுமல்ல, நேரில் போய் விசாரிக்கும் நிருபரின் சம்பளமும்தான்.

2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் பொய்ச் செய்தியை அடையாளம் காண்பது எப்படி என்று மக்களுக்குச் சொல்ல விரும்பியது. அதற்கு அது தேடிப் போன இடம் எது தெரியுமா? இந்தியச் செய்தித்தாள்களின் முழுப்பக்க விளம்பரம்!

வேகம் புதிய ஊடகத்தின் பலம். அதை யாரும் திருப்பி வாங்க முடியாது, வாங்கவும் வேண்டாம். ஆனால் பெயர் போட்டுப் பொறுப்பேற்கும் வழக்கத்தைக் காகிதத்தோடு சேர்த்துப் பழைய கடையில் எடைக்குப் போட்டுவிடக் கூடாது. அடுத்த முறை ஒரு தகவலை அனுப்பும் விரல், அதன் கீழே தன் பெயரை எழுதத் தயாரா என்று ஒரு நொடி யோசித்தால் போதும்.