தண்ணீர் திரும்பி ஓடிய நாள்

இன்னிக்கு எபிசோட் ஒரு ஃபுட்பால் டீமைப் பத்தி. அமெரிக்கன் ஃபுட்பால். ஆனா மேட்ச் பத்தி ரெண்டே வரிதான் பேசப் போறேன். மிச்சமெல்லாம் பைப்பும் வால்வும்தான்.

வருஷம் 1969. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்ற ஊர், அங்கே ஹோலி கிராஸ் கல்லூரி. ஆகஸ்ட் கடைசியிலேயே வீரர்கள் பயிற்சிக்கு வந்துவிட்டார்கள். செப்டம்பர் 27-ல் ஹார்வர்டுடன் முதல் ஆட்டம், 13-0 தோல்வி. அடுத்த வாரம் டார்ட்மத், 38-6 தோல்வி. அதற்குள் ஒவ்வொருவராகக் காய்ச்சல், குமட்டல் என்று படுத்தார்கள். சிலருக்குக் கண் மஞ்சளாகிவிட்டது. வீரர்கள், பயிற்சியாளர்கள் எல்லாம் சேர்த்து 97 பேர். அன்றைய கணக்கில் அதில் 90 பேருக்கு மஞ்சள் காமாலைத் தொற்று. மிச்சமிருந்த 8 ஆட்டங்களும் ரத்து.

விசாரித்த மருத்துவர்களில் ஒருவர் லியோனார்டு மோர்ஸ். அவரும் சகாக்களும் 1972-ல் இதைப் பற்றி எழுதினார்கள். எனக்கு அதில் பிடித்ததே அவர்கள் பிழையைத் தேடிய விதம். நாங்க பக் தேடுற மாதிரிதான். எல்லாரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விழுந்திருக்கிறார்கள். அப்படியென்றால் தொற்று ஆளிடமிருந்து ஆளுக்கு மெல்லப் பரவவில்லை, ஒரே சமயத்தில் எல்லாருக்கும் போயிருக்கிறது. இந்த நோய் உடம்புக்குள் போய் வெளியே தெரிய சராசரியாக நாலு வாரம் ஆகும். பின்னோக்கி எண்ணினால் ஆகஸ்ட் கடைசி. சில நாள் கழித்து வந்து சேர்ந்த முதலாண்டு வீரர்கள் தப்பித்திருக்கிறார்கள். மற்ற மாணவர்களுக்கும் ஒன்றும் இல்லை. ஆக, மெஸ் சாப்பாடு காரணம் இல்லை. பயிற்சி மைதானத்துக் குழாய்தான் மிச்சம்.

அந்தக் குழாய் லைனின் கடைசியில் இருந்தது. வழியில் புல்லுக்குத் தண்ணீர் விடும் ஸ்பிரிங்ளர் இணைப்புகள், தரைக்குக் கீழே சின்னச் சின்னக் குழிகளில். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் வெயிலுக்கு அந்தத் தண்ணீரில் விளையாடுவார்கள். அவர்களில் சிலருக்கு மஞ்சள் காமாலை இருந்தது. குழியில் தேங்கிய தண்ணீர் கெட்டுவிட்டது. சரி, ஆனா குழித் தண்ணி பைப்புக்குள்ள எப்படிப் போச்சு? உள்ளே பிரஷர் இருக்கும்போது தண்ணீர் வெளியேதானே வரும்?

அந்த வாரம் பக்கத்தில் ஒரு தீ விபத்து. தீயணைப்பு வண்டிகள் தெரு லைனிலிருந்து ஏகப்பட்ட தண்ணீரை இழுத்தன. லைனில் பிரஷர் விழுந்தது. மைதானத்துப் பைப்பு ஸ்ட்ரா போல உறிஞ்ச ஆரம்பித்து, குழித் தண்ணீரை உள்ளே இழுத்தது. தீ அணைந்து பிரஷர் திரும்பியதும், அதே தண்ணீர் முன்னால் தள்ளப்பட்டு, கடைசிக் குழாயில் தாகத்தோடு நின்றவர்களின் வாய்க்குப் போனது. இதற்குப் பெயர்தான் பேக்ஃப்ளோ. பைப்புக்கு இது வரும் வழி, இது போகும் வழி என்றெல்லாம் தெரியாது. பிரஷர் எங்கே குறைவோ அங்கே ஓடும். உங்க வீட்டு பக்கெட்டுல முங்கிக் கிடக்கிற ஹோஸுக்கும் இதே கதைதான்.

இது யாருக்கும் தெரியாத விஷயமும் இல்லை. 1933-ல் சிகாகோ உலகக் கண்காட்சி சமயத்தில், இரண்டு ஹோட்டல்களின் பிளம்பிங்கில் கழிவுநீர் குடிநீரோடு கலந்து சீதபேதி பரவியது. 1,409 பேருக்கு நோய், 98 சாவு. தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1944-லேயே இதற்கென்று ஓர் ஆய்வு அமைப்பு உருவாகி, தடுப்புக் கருவிகளைச் சோதித்து அங்கீகரித்துக்கொண்டிருந்தது. ஹோலி கிராஸுக்கு 25 வருஷம் முன்னாடி! மைதானத்துக்குத் தேவைப்பட்டது ஒரு வேக்குவம் பிரேக்கர். பிரஷர் விழுந்தால் காற்றை உள்ளே விட்டு உறிஞ்சலை முறிக்கும் சின்னச் சாமான். அதுவும் சும்மா மாட்டினால் போதாது. பிரஷர் வகை வேக்குவம் பிரேக்கர் என்றால் உயரமான ஸ்பிரிங்ளரை விட 12 அங்குலமாவது மேலே நிற்க வேண்டும். குழிக்குள் வைத்தால் வீண்.

ஆபத்து அதிகமுள்ள இடங்களுக்கு, ஆஸ்பத்திரி, ரசாயன ஆலை மாதிரி, ஆர்.பி. என்ற கருவி. நம்ம பிளம்பர் என்.ஆர்.வி. என்று சொல்வாரே, அதுபோல இரண்டு வால்வு, நடுவில் ஒரு அறை, அந்த அறைக்குக் கீழே ஒரு ரிலீஃப் வால்வு. நடு அறையில் பிரஷர் எப்போதும் வரும் பக்கத்தை விடக் குறைவாக இருக்க வேண்டும். வித்தியாசம் 2 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போவதற்குள் ரிலீஃப் திறந்து, சந்தேகத் தண்ணீரைத் தரையில் கொட்டிவிடும். இங்கேதான் எனக்கு ஒரு சிரிப்பு: கருவி சரியாக வேலை செய்யும்போது பார்க்கிறவருக்கு லீக் மாதிரித் தெரியும். அடைச்சு விட்டுடலாமேன்னு கை துறுதுறுக்கும். அடைத்தால் பாதுகாப்பே போச்சு. வெள்ளம் சூழும் பள்ளத்தில் இதை வைக்கக் கூடாது என்பதும் அதனால்தான்: அந்த வாய் தண்ணீருக்குள் முங்கினால் அதுவே நுழைவாயில் ஆகிவிடும்.

உள்ளே இருப்பது ஸ்பிரிங்கும் ரப்பரும். ரப்பர் தேயும், ஒரு மணல் துகள் சிக்கினால் வால்வு முழுசாக மூடாது. வெளியே ஒன்றும் தெரியாது, ஏனென்றால் சாதாரண நாளில் தண்ணீர் ஒழுங்காகத்தான் வரும். அதனால் அமெரிக்காவின் பல ஊர்களில் வருஷத்துக்கு ஒரு தடவை, பயிற்சி பெற்ற டெஸ்டர் வந்து பார்க்க வேண்டும் என்பது விதி. கட்டிடத்துத் தண்ணீரை நிறுத்தி, கருவியில் இருக்கும் நாலு சின்னக் குழாய்களில் கேஜ் மாட்டி, இரண்டு வால்வும் பிடிக்கிறதா, ரிலீஃப் எந்த எண்ணில் திறக்கிறது என்று குறிப்பார். அந்த கேஜையும் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். டெஸ்ட் பண்ற டூலுக்கே டெஸ்ட், கேட்டவுடனே என் ஆபீஸ் ஞாபகம் வந்துச்சு.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். மோர்ஸ் குழு எழுதிய 1972-ல் அந்த வைரஸை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் ஹெபடைடிஸ் ஏ தெரிந்தது 1973-ல். 1969-ல் எடுத்து உறைய வைத்திருந்த வீரர்களின் ரத்த மாதிரிகளைப் பல வருஷம் கழித்து புதிய சோதனையில் பார்த்தார்கள். அதேதான், ஹெபடைடிஸ் ஏ.