இரும்புச் சப்பாத்தில் தொடங்கிய வைத்தியம்



பாரம் தூக்குவது வாலிபப் பிள்ளைகளின் வேலை என்று நாம் நினைக்கிறோம். நாற்பது தாண்டினால், "இனி நமக்கெதுக்கு?" என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் இந்தப் பயிற்சி வைத்தியசாலைக்குள் நுழைந்ததே நடக்க முடியாதவர்களுக்காகத்தான்.

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலம். சிக்காகோவின் கார்டினர் இராணுவ வைத்தியசாலையில் முழங்கால் காயப்பட்ட வீரர்கள் பலர் இருந்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு இலேசான அசைவுகளையே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வது அன்றைய வழக்கம். கால் தேற நீண்ட காலம் எடுத்தது.

அங்கிருந்த வைத்தியர் தோமஸ் டிலோர்ம், சிறுவயதில் வாதக் காய்ச்சலால் படுக்கையில் கிடந்து, பிறகு பாரம் தூக்கியே உடம்பைத் தேற்றியவர். அதே வழியை வீரர்களுக்கும் காட்டினார். பாதத்தில் இரும்புச் சப்பாத்தைக் கட்டி, அதில் பாரத்தைச் சேர்த்து, இருந்தபடியே காலை நீட்டச் சொன்னார். கால்கள் வேகமாகத் தேறின. 1945இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

முதலில் 7 முதல் 10 சுற்றுகள் செய்வித்தவர், 1948இல் அதை 3 ஆகக் குறைத்தார். ஒருவரால் 10 தடவை மட்டுமே தூக்க முடிந்த பாரம் 8 கிலோ என்று வைப்போம். முதல் சுற்று 4 கிலோ, அடுத்தது 6, கடைசி 8. ஒவ்வொன்றிலும் 10 தடவை. பலம் கூடக் கூட, பாரமும் கொஞ்சம் கூடும். இன்றைய ஜிம்களின் அடிப்படையும் இதுதான்.

1990இல் அமெரிக்காவின் பொஸ்டனில், முதியோர் இல்லத்தில் இருந்த சராசரி 90 வயதுக்காரர்களுக்கு 8 வாரம் இப்படிக் கால் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். முடித்த 9 பேரின் கால் பலம் சராசரியாக 174 வீதம் கூடியது. இருவர் ஊன்றுகோலையே விட்டுவிட்டார்கள்.

இப்போது நம் பள்ளிவாசலைப் பாருங்கள். ஸப்புகளின் ஓரத்தில் கதிரைகள் கூடிக்கொண்டே போகின்றன. வருத்தத்தால் இருப்பவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் உம்மாவும் வாப்பாவும் தரையிலிருந்து எழும்பத் தடுமாறும்போது, "வயசு போயிட்டு" என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

இருதய வருத்தம், பிரஷர், மூட்டு வலி உள்ளவர்கள் முதலில் வைத்தியரைக் கேளுங்கள். பிறகு வீட்டுக் கதிரையில் இருந்து, கையூன்றாமல் எழும்பி இருக்கப் பழகுங்கள். இன்று 5 தடவை முடிந்தால் போதும். அடுத்த கிழமை 6 ஆகட்டும், இன்ஷா அல்லாஹ்.