திருப்பி அனுப்பப்பட்ட அச்சுக்காரர்

சில மாதங்களுக்கு முன்னர் ஊருக்குச் சென்றிருந்தபோது, வலிகாமத்தில் உள்ள ஒரு தேவாலயத்துக்குப் போகவேண்டி ஏற்பட்டது. அமெரிக்க மிஷன் வழிவந்த பழைய ஆலயம் அது. நான் சைவன். ஆயினும், என்னோடு ஒரே பத்திரிகைக் காரியாலயத்தில் பணிபுரிந்து அண்மையில் காலமான நண்பர் ஒருவரின் மனைவிக்கு, அவர்களது விவாகப் பதிவின் பிரதியொன்று அவசரமாகத் தேவைப்பட்டது. கணவரின் ஊழியர் சேமலாப நிதியைப் பெறுவதற்கு அதைக் கேட்கிறார்கள். நடக்க முடியாத அந்த அம்மாவுக்காக நான் போனேன்.

ஆலயத்தின் பின்புற அறையில் ஓர் இளைஞனும் ஒரு யுவதியும் மேசை விளக்கொன்றின் கீழ்ப் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை விரித்துவைத்து, பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கைத்தொலைபேசிதான் அவர்களுடைய கமரா. கரையான் தின்ற ஓரங்களைத் தூரிகையால் தட்டி, சுருண்ட தாளைக் கண்ணாடித் துண்டொன்றினால் அழுத்திப் பிடித்து, எடுத்த படத்தைப் பெருப்பித்துப் பார்த்துத் திருப்தி வந்த பின்னரே அடுத்த பக்கத்தைத் திருப்பினார்கள். இதற்கு ஏதாவது தருகிறார்களா என்று கேட்டேன்.

"இல்லை அங்கிள், சனிக்கிழமையில நாங்களாத்தான் வாறனாங்கள்" என்றாள் அந்தப் பிள்ளை.

வெளியே வந்த போதகர், "எங்கட கொம்பியூட்டர்ப் பிள்ளையள்" என்று அன்போடுதான் சொன்னார். வாசலில் இருந்த ஆண்டறிக்கையைப் புரட்டினேன். பாடகர் குழுவுக்கு நன்றி இருந்தது. மாதர் சங்கத்துக்கு இருந்தது. பூ வைத்தவர்களுக்கும் இருந்தது. இவ்விருவருக்கும் இல்லை.

அன்றிரவு எனக்கு ஜேம்ஸ் கரெற்றின் நினைவு வந்தது.

யாழ்ப்பாணத்துக்கு அமெரிக்க மிஷனரிமார் 1816இல் வந்தார்கள். தெல்லிப்பழையும் வட்டுக்கோட்டையும் அவர்களது முதல் நிலையங்கள். ஊழியத்துக்கு அச்சுக்கூடம் இன்றியமையாதது என்பதை விரைவிலேயே உணர்ந்து, அச்சுத்தொழில் தெரிந்த ஒருவரை அனுப்புமாறு தாய்நாட்டைக் கேட்டார்கள். அவ்வேண்டுகோளின்படி 1820இல் வந்து இறங்கியவர்தான் கரெற். இருபதுகளில் இருந்த இளைஞர். குருப்பட்டம் பெற்றவர் அல்லர். பிரசங்கம் செய்ய வந்தவரும் அல்லர். எழுத்துக் கோக்கவும் யந்திரத்தை இயக்கவும் தெரிந்தவர். அந்தத் தொழிலையே காணிக்கையாகக் கொண்டு பாதி உலகத்தைக் கடந்து வந்தவர்.

அப்போது ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் எட்வேர்ட் பார்ன்ஸ். வீதிகள் அமைத்தவர் என்று நம் பாடப்புத்தகங்களில் படித்தோமே, அவரேதான். மேலும் அமெரிக்கர்கள் இத்தீவுக்குத் தேவையில்லை என்பது அவரது நிலைப்பாடு. மூன்று மாதங்களுக்குள் நாட்டை விட்டு வெளியேறுமாறு கரெற்றுக்குக் கட்டளை பிறந்தது. மிஷனரிமார் செய்த முறையீடுகள் பலிக்கவில்லை. ஏற்கெனவே வந்திருந்த போதகர்கள் இருக்கலாம். புதிதாக வந்த அச்சுக்காரர் போகவேண்டும். அவர் இறுதியில் பம்பாய்க்குச் சென்று, அங்கிருந்த அமெரிக்க மிஷன் அச்சகத்தில் மராத்தி நூல்களை அச்சிட்டு, 1831இல் அங்கேயே இறந்துபோனார். யாழ்ப்பாணம் அவருக்கு ஒரு சில மாதங்கள்தான். யாழ்ப்பாணத்துக்கோ அந்த இழப்பு பதினான்கு ஆண்டுகள்.

தமிழ் அச்சின் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால், திருச்சபையின் தொழில்நுட்ப வேலை பெரும்பாலும் இத்தகைய கைகளில்தான் இருந்திருக்கிறது. 1577இல் கோவாவில் முதன்முதல் தமிழ் எழுத்துகளை வார்த்த யோவான் கொன்சால்வெஸ் இயேசு சபையின் சகோதரர், குருவானவர் அல்லர். மறு ஆண்டு கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியபோது பெயர் பெற்றவர் அதைத் தமிழாக்கிய அன்றிக் அடிகள். அச்சு வேலைக்குப் பணம் சேர்த்துக் கொடுத்தவர்களோ முத்துக்குளித்துறையின் பரதவ மக்கள். தரங்கம்பாடிக் கதை இன்னும் துயரமானது. சீகன்பால்குவுக்காக லண்டனில் இருந்து அச்சு யந்திரத்தோடு புறப்பட்ட ஜோனாஸ் பிங்க் என்னும் அச்சுக்காரர், தரங்கம்பாடியைக் காணாமலே வழியில் இறந்துபோனார். 1712இல் யந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது. அதை இயக்கத் தெரிந்தவர் யாருமில்லை என்று தவித்தபோது, டேனிஷ் கம்பனியின் படைவீரர்களுள் அத்தொழில் அறிந்த ஒருவரைத் தேடிப் பிடித்தார்கள். ஜெர்மனியின் ஹாலேயில் இருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்து தாளைத் தின்றன. சிறிய எழுத்து வார்க்க ஈயம் போதாதபோது, இங்கிலாந்தில் இருந்து வந்த பாலாடைக்கட்டிகளைப் பொதிந்திருந்த ஈயத்தகடுகளை உருக்கினார்கள். தமிழில் புதிய ஏற்பாடு அச்சானதற்குப் பின்னால் அந்தத் தகடுகளும் உண்டு.

யாழ்ப்பாணத்துக்குத் திரும்புவோம். கரெற் போன பின்னர் நல்லூரில் இருந்த ஆங்கிலேயத் திருச்சபையாரின் சிறிய அச்சகத்தையே அமெரிக்கர்களும் நம்பியிருந்தனர். அது போதவில்லை. மிஷன் பாடசாலைகளில் பிள்ளைகள் ஏட்டிலே எழுத்தாணியால் கீறிப் படித்தார்கள். வேதபாகங்களும் துண்டுப் பிரசுரங்களும்கூட ஏட்டில் பிரதி பண்ணப்பட்டன. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் வானசாத்திரமும் கேத்திரகணிதமும் கற்பித்தார்கள். ஆனால் அவற்றைத் தமிழில் எழுதினால் அச்சிட இடம் அரிது. ஓர் இளைஞருக்கு இருக்க அனுமதி மறுத்ததன் விலையை இப்படித்தான் கணக்கிட வேண்டும்.

ஆட்சியாளர் மாறினார், கொள்கையும் தளர்ந்தது. 1834இல் ஈஸ்ற்மன் ஸ்ரோங் மைனர் என்னும் அச்சுக்காரர் வந்து சேர, மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகம் நிறுவப்பட்டது. மிஷன் ஏடுகளில் இவரும் போதகர் வரிசையில் அல்லர். உதவி மிஷனரி என்ற நிரலில்தான் இருந்தார். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அந்த அச்சகமே அவரது வாழ்க்கையாக இருந்தது.

ஈய எழுத்தைக் கண்ணால் காணாத தலைமுறைக்கு அந்த வேலையின் பாரம் விளங்காது. ஆங்கிலத்துக்கு ஒரு சிறு பெட்டி எழுத்து போதும். தமிழுக்கோ உயிர், மெய், உகர ஊகாரங்களுக்கு ஒவ்வொரு மெய்யோடும் மாறுகின்ற வடிவங்கள், தும்பிக்கை தூக்கிய பழைய ணையும் லையும், தனி வடிவில் இருந்த ணாவும் றாவும் என்று நூற்றுக்கணக்கான அறைகள் வேண்டும். ஒவ்வொரு வடிவத்தையும் முதலில் உருக்குக் கோலின் முனையிலே தலைகீழாகச் செதுக்கி, அதைச் செம்பில் அடித்துப் பதித்து, அந்தப் பதிவில் ஈயத்தை வார்த்து எடுக்கவேண்டும். பின்னர் அச்சுக்கோப்பாளர் நாள் முழுவதும் நின்றுகொண்டே, கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோக்கவேண்டும். மைனர் தனியாளாக இதைச் செய்திருக்க முடியாது. மானிப்பாயையும் அயலையும் சேர்ந்த தமிழர்களே கோத்தார்கள், மை பூசினார்கள், மடித்துக் கட்டினார்கள்.

அந்தக் கைகளின் வழியாக வந்தவற்றுள் இரண்டை மட்டும் சொல்கிறேன். 1841 ஜனவரி 7ஆம் திகதி 'உதயதாரகை' வெளிவந்தது. தமிழும் ஆங்கிலமும் கலந்த அந்தப் பத்திரிகைதான் இலங்கைத் தமிழ்ப் பத்திரிகையுலகத்தின் தொடக்கம். அதன் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் பெயரைக் கேட்டால் வெள்ளைக்காரர் போலிருக்கும். வட்டுக்கோட்டையில் படித்த நம்மவர்கள் அவர்கள். அடுத்த ஆண்டில் சந்திரசேகர பண்டிதரின் உழைப்பில் 58,500 சொற்களைக் கொண்ட அகராதி வெளியாயிற்று. யாழ்ப்பாண அகராதி என்றும் மானிப்பாய் அகராதி என்றும் அதனை அழைப்பர். இப்பெயர்களில் இரண்டாவது எனக்குப் பிடித்தமானது. தொகுத்தவரின் பெயரோ ஆதரித்தவரின் பெயரோ அல்லாமல், அச்சகம் இருந்த ஊரின் பெயரே நூலின் பெயராகிவிட்டதல்லவா!

அச்சுக்காரர் ஒருவரின் பெயர் முகப்பிலேயே நிற்கும் பெருநூலும் உண்டு. யாழ்ப்பாணத்தில் பல்லாண்டு பணியாற்றிப் பின்னர் சென்னை சென்ற மைரன் வின்ஸ்லோ 1862இல் வெளியிட்ட தமிழ் - ஆங்கில அகராதியின் முகப்பில், அதை அச்சிட்ட பி.ஆர்.ஹன்ற்றின் பெயர் இருக்கிறது. 67,000க்கும் அதிகமான சொற்களை ஒரே நூலுக்குள் அடக்கியதில் ஹன்ற் செம்மைப்படுத்திய சிறிய எழுத்துகளுக்கும் பங்குண்டு.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். மிஷன் அச்சகம் தமிழுக்குத் தொண்டு செய்யவென்று நிறுவப்பட்டதன்று. மதம் பரப்பவே நிறுவப்பட்டது. சைவத்தை இழித்துரைக்கும் பிரசுரங்களும் அங்கிருந்து வந்தன. ஆனால் கைத்தொழிலுக்குச் சமயம் கிடையாது. பேர்சிவல் பாதிரியாருடன் பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், 1849இல் சென்னைக்குச் சென்று அச்சு யந்திரம் வாங்கிவந்து, வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். பாதிரிமார் கொண்டுவந்த கருவி அவர்களுக்கே பதில் சொல்லத் தொடங்கிற்று. 1855இல், மிஷனின் கொள்கை மாற்றங்களின்போது, மானிப்பாய் அச்சகமும் உள்ளூரவர் கைக்கு விற்கப்பட்டது.

எண்பதுகளின் இறுதியில் நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தபோது ஈய எழுத்து இன்னும் சாகவில்லை. மேலே சொன்ன என் நண்பர் அங்கே அச்சுக்கோப்பாளர். எனது கோழிக் கிறுக்கலைத் திரும்பக் கேளாமல் வாசிக்கக்கூடிய ஒரே மனிதர். தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லை; தாளும் இல்லை. பத்திரிகைகளைக் கோடு போட்ட அப்பியாசக் கொப்பித் தாளில் அச்சடித்த காலம் அது. வாரம் முழுவதும் எங்களோடு நின்று கோத்துவிட்டு, சனிக்கிழமைகளில் அவர் தமது ஆலயத்துக்குப் போவார். அங்கே கையால் சுற்றும் றோனியோ யந்திரம் ஒன்று இருந்தது. மின்சாரம் தேவையற்றது என்பதனால் அது அப்போது பெரும் செல்வம். ஆராதனை ஒழுங்கு, பிள்ளைகளின் பாடக் குறிப்புகள், இடம்பெயர்ந்தோருக்கான நிவாரணப் பட்டியல்கள் எல்லாவற்றையும் அவரே ஸ்ரென்சிலில் தட்டி அடித்துக் கொடுத்தார். மை கிடையாதபோது எதையெல்லாமோ கலந்து பார்த்தார். விரல் இடுக்குகளில் இருந்த கறுப்பு ஞாயிறு காலையிலும் போகாது என்று மனைவி ஏசுவதாகச் சொல்வார்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. அந்த மழையிரவில் அவர் தமது சைக்கிளின் பின்காரியரில் அரிசிச் சாக்கு ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். அதற்குள் அரிசி இருக்கவில்லை. பொலித்தீனில் சுற்றிய ஆலயப் பதிவேடுகள்தான் இருந்தன. யாரும் அவரிடம் அதை ஒப்படைக்கவில்லை. றோனியோவைத் தூக்க முடியவில்லையே என்ற கவலைதான் அவருக்கு. சாவகச்சேரியில் ஓர் ஓலைக்கொட்டிலில் ஆறு மாதம் அந்தச் சாக்கு இருந்தது. பிறப்புச் சான்றிதழை இழந்த பலர் பின்னர் அந்தப் புத்தகங்களைக் காட்டியே தாம் பிறந்ததை நிரூபித்தார்கள்.

மக்கள் ஊர் திரும்பிய பின்னர் அந்த ஆலயத்தைப் பற்றி நான் ஒரு செய்திக்கட்டுரை எழுதினேன். சேதமடைந்த கூரை, உடைந்த மணிக்கூண்டு, போதகரின் பெயர், வந்த பிரமுகர்களின் பெயர்கள் எல்லாம் அதில் இருந்தன. பதிவேடுகள் "பாதுகாக்கப்பட்டன" என்று ஒரு வசனம். யார் பாதுகாத்தார் என்பதை எழுதவில்லை. நம் காரியாலயத்து ஆளைப் பற்றி நாமே எழுதுவது அழகல்ல என்று அப்போது நினைத்தேன். அந்தக் கட்டுரைக்கு எழுத்துக் கோத்தவரும் அவர்தான். ஒரு சொல்லும் கேட்கவில்லை; வழக்கம்போல என் சந்திப் பிழை இரண்டைத் திருத்தியிருந்தார்.

அவருடைய விவாகப் பதிவும் அவர் சுமந்துவந்த அதே புத்தகத்தில்தான் இருந்தது. அந்த இளைஞன் அதைச் சில நிமிடங்களில் திரையில் தேடி எடுத்துத் தந்தான். 2005இல் தன்னார்வலர்கள் சிலர் தொடங்கிய நூலகம் நிறுவனத்தைப் பார்த்தே தங்களுக்கும் இந்த எண்ணம் வந்தது என்றான்.

போகப் புறப்பட்டபோது, பழைய கையெழுத்துச் சில தங்களுக்குப் பிடிபடவில்லை என்றும் சற்றுப் பார்க்கமுடியுமா என்றும் அந்தப் பிள்ளை கேட்டாள். புள்ளியில்லாத மெய்களும் ஏகாரத்தைப் பிரித்துக் காட்டாத ஒற்றைக் கொம்புகளுமாக இருந்த பக்கங்கள். உட்கார்ந்தேன். மாலை வரை பதினொரு பக்கம் வாசித்தோம். இதைப் பற்றி எழுதப்போகிறேன், உங்கள் இருவரின் பெயரையும் போடட்டுமா என்று கேட்டேன். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

"பேர் போடவேண்டாம் அங்கிள்" என்றாள். "வாற சனிக்கிழமையும் வருவீங்களோ?"