பந்தயத் தடமும் கணக்கில் வராத உடல்களும்

கார் பந்தயத் தடத்தின் வரைபடத்தில் வளைவுகள்தான் கண்ணில் படும். எனக்கு முக்கியமாகத் தோன்றுவது அந்தக் கோட்டுக்கு இரு பக்கமும் உள்ள வெற்றிடம். எந்த உடல் வேகத்துக்கு எவ்வளவு அருகில் நிற்கலாம் என்று தீர்மானிக்கும் ஏற்பாடுதான் தடம். ஆகவே தடப் பாதுகாப்பின் வரலாறு, எந்த உடல் எப்போது கணக்கில் சேர்ந்தது என்பதன் வரலாறு.

1955 ஜூன் 11, பிரான்சின் லெ மான். பியர் லெவெக்கின் மெர்சிடிஸ், முன்னால் போன காரில் ஏறி மண்மேட்டில் மோதிச் சிதறியது. அவரோடு எண்பதுக்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் செத்தார்கள். பந்தயம் நிற்கவில்லை. கூட்டம் மொத்தமாகக் கலைந்தால் ஆம்புலன்சுக்கு வழியிருக்காது என்று காரணம் சொன்னார்கள். சுவிட்சர்லாந்து தடப் பந்தயத்தையே தடை செய்தது. லெ மானில் பார்வையாளர் மேடைகள் இடித்துக் கட்டப்பட்டன. டிக்கெட் வாங்கிய உடல் கணக்கில் வந்தது இப்படித்தான்.

ஓட்டுநர்கள்? செத்துப் போவதும் வீரத்தில் சேர்த்தி என்றிருந்த காலம் அது. 1966இல் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில், மழையில் ஜாக்கி ஸ்டூவர்ட்டின் கார் தடம் விட்டுத் தெறித்தது. பெட்ரோலில் ஊறியபடி ஏறத்தாழ 25 நிமிடம் அதற்குள்ளேயே சிக்கிக் கிடந்தார். கடைசியில் சக ஓட்டுநர்கள், ஒரு பார்வையாளரிடம் ஸ்பானர் வாங்கி அவரை மீட்டார்கள். அதன் பிறகு தடுப்பு வேண்டும், மருத்துவர் வேண்டும் என்று அவர் பேசியபோது கோழை என்றவர்கள் உண்டு. 1969இல் ஓட்டுநர் சங்கம் ஸ்பாவைப் புறக்கணித்தது. அந்த வருஷம் அங்கே ஃபார்முலா 1 பந்தயம் நடக்கவில்லை. தடுப்புகள் வந்த பிறகுதான் 1970இல் திரும்பிப் போனார்கள். எஃகுத் தடுப்பு, டயர் அடுக்கு, சரளைப் பரப்பு எதுவும் பொறியாளர் மனமிரங்கிக் கொடுத்ததில்லை. வேலை செய்ய மாட்டோம் என்றவர்கள் வாங்கியது.

மூன்றாவதாக ஒரு உடல் உண்டு. கொடி காட்டி, தீயணைத்து, உடைந்த காரைத் தள்ளும் மார்ஷல். 1977 மார்ச் 5, தென்னாப்பிரிக்காவின் கியாலமி. எதிர்ப்பக்கம் நின்றுபோன காரை நோக்கித் தீயணைப்பான் தூக்கிக்கொண்டு தடத்தைக் குறுக்கே கடந்தார் பத்தொன்பது வயது ஜான்சென் வான் வூரன். டாம் பிரைசின் கார் அவர்மேல் மோதியது. தீயணைப்பான் தலையில் அடித்ததில் பிரைசும் செத்தார். உடல் அடையாளம் தெரியவில்லை. மார்ஷல்கள் எல்லோரையும் கூட்டி, வராதவர் யார் என்று பார்த்துத்தான் பெயரைக் கண்டுபிடித்தார்கள். எண்ணிக்கையில் குறைந்தபோதுதான் அவர் ஒரு ஆளாக எண்ணப்பட்டார்.

2000இல் மோன்சாவிலும் 2001இல் மெல்பர்னிலும் கழன்று பறந்த சக்கரம் தாக்கி ஒவ்வொரு மார்ஷல் செத்தார்கள். சக்கரத்தைக் காரோடு பிணைக்கும் கயிறு அப்போதே விதியில் இருந்தது. தடத்தில் ஆட்கள் வேலை செய்யும்போது எல்லாக் கார்களையும் ஒரேயடியாக மெதுவாக்கும் முறை வந்ததோ 2015இல்தான். அதற்கும், 2014இல் சுசூகாவில் மீட்பு வண்டியில் மோதிய ஜூல்ஸ் பியாங்கி என்ற ஓட்டுநரின் விபத்து தேவைப்பட்டது.

மார்ஷல் இல்லாமல் ஒரு பந்தயமும் தொடங்க முடியாது. ஆனால் பெரும்பாலான இடங்களில் அவருக்குச் சம்பளம் கிடையாது. தொண்டர், ஆர்வலர் என்று பெயர். தொண்டு என்று பெயர் வச்சுட்டா வேலைநிறுத்தம் என்ற சொல்லே வாயில் வராது. கூலி மிச்சம் என்பதோடு இது முடியவில்லை. ஓட்டுநர்கள் 1969இல் கையில் எடுத்த ஆயுதமும் அந்தப் பெயராலேயே பிடுங்கப்பட்டுவிடுகிறது.